பன்னிரண்டு நிமிட நட்சத்திரம்

ரங்கநாதன் மேல் எனக்குப் பொறாமை. இதை வாய்விட்டு ஒப்புக்கொள்ள எனக்கு நாற்பது வருடத்துக்கு மேல் பிடித்தது. ஒப்புக்கொண்ட அன்று, நெடுநாள் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவன் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டேன். எதிரே உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி கோமதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அதான் போர்ட் பிளேர்ல மாட்டுக்கெல்லாம் தெரியுமே" என்றாள்.

ஆகவே, மாடுகளுக்குத் தெரிந்த கதையை மனிதர்களிடம் மறைப்பதில் இனி அர்த்தமில்லை.

எழுபதுகளின் நடுவில் நானும் ரங்கநாதனும் போர்ட் பிளேரில் வானிலை ஆபீஸில் ஒன்றாக வேலை பார்த்தோம். எங்கள் வேலை பலூன் விடுவது. (என் அப்பா இதை அம்பாசமுத்திரத்தில் யாரிடமும் சொன்னதில்லை. "பையன் சென்ட்ரல் கவர்மென்ட்ல இருக்கான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.) ஹைட்ரஜன் அடைத்த வெள்ளை ரப்பர் பலூனை விட்டுவிட்டு, முக்காலியில் நிற்கும் ஒரு தூரநோக்கிக் கருவியால் அதைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். நிமிஷத்துக்கு ஒரு தரம் அது எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று எழுதினால், மேலே காற்று எப்படி அடிக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். இருட்டிய பிறகு விட்டால் பலூன் கண்ணுக்குத் தெரியாதே? அதற்காக மெல்லிய காகிதத்தில் ஒரு குட்டி லாந்தர் செய்து, அதற்குள் மெழுகுவத்தியைக் கொளுத்தி, நீளமான நூலில் பலூனுக்கு அடியில் தொங்கவிடுவோம். மூன்று வருடத்தில் இப்படி நூற்றுக்கணக்கான மெழுகுவத்திகளை வானத்துக்கு அனுப்பியவன் நான். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொண்டு மேலே படித்தால்தான் என் அறிவின் அளவு உங்களுக்குப் புரியும்.

ரங்கநாதன் திருச்சிக்காரன். என் வயதுதான், கல்யாணம் ஆகாதவன். அவன் விட்ட பலூன் நாற்பது நிமிடம் கண்ணுக்குத் தெரியும். நான் விட்டது ஏழாவது நிமிடம் மேகத்துக்குள் போய்விடும். மேகங்கள்கூட அவனுக்கு ஒதுங்கி வழிவிட்டன. அவன் ஹிந்தி பேசினால் பெங்காலிப் பால்காரர் அரை ஆழாக்கு கூடுதலாக ஊற்றுவார். நான் பேசினால் தண்ணீர்தான் கூடுதலாக ஊற்றுவார். அவன் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அவன் தலைமுடியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இந்த வயதிலும் ரத்த அழுத்தம் கூடும்.

இதெல்லாம் சாதாரணப் பொறாமை. குவார்ட்டர்ஸ் கிடைத்து, கோமதி மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி வந்த அன்றுதான் அது முற்றியது.

கல்யாணம் முடிந்து ஒன்பது நாள்தான் நாங்கள் ஒன்றாக இருந்திருந்தோம். அதில் ஏழு நாள் விருந்து. ஏழெட்டு மாதம் கழித்து, நான்கு நாள் கடல் பயணத்தில் சாப்பிட்டதையெல்லாம் கடலுக்கே கொடுத்துவிட்டு, பச்சை முகத்தோடு ஜெட்டியில், அதாவது கப்பல் துறையில், இறங்கினாள். நான் ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன்: "பிரயாணம் சௌகரியமா இருந்ததா?" அவள் தள்ளாடினாள். டிரங்குப் பெட்டி தூக்க உதவிக்கு வந்திருந்த ரங்கநாதன் சொன்னான்:

"தங்கச்சி, தரை ஆடுதேன்னு பயப்படாதீங்க. தரை சரியாத்தான் இருக்கு, ஆடுறது நீங்கதான். ரெண்டு நாள்ல நின்னுடும்."

கோமதி சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருக்கிறதென்றே எனக்கு அதுவரை தெரியாது. என் மனைவியின் சிரிப்பை முதன்முதலில் திறந்து வைத்தவன் அவன்!

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டுப் போகவும் மாட்டான். அந்தத் தீவில் ஐந்தரை மணி சுமாருக்கே சூரியன் போய்விடும் (பர்மாவுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு கடிகாரத்தில் டெல்லி நேரம் வைத்தால் அப்படித்தான்). ஆறு மணிக்கு நட்சத்திரம் வந்துவிடும். அவன் முற்றத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லுவான். கோமதி வாயைத் திறந்தபடி கேட்பாள். மறுநாளிலிருந்து என் வீட்டில் "அண்ணாச்சி சொல்லுதாக" ஆரம்பமாகும். நட்சத்திரம் ஒவ்வொண்ணும் ஒரு சூரியனாம், அண்ணாச்சி சொல்லுதாக. கருவாட்டை வெயில்ல போடுறதுக்கு முன்னாடி உப்புத்தண்ணில அலசணுமாம், அண்ணாச்சி சொல்லுதாக. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். பதினோரு தடவை. அவள் அவனை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டாள் என்பது எனக்குக் கொஞ்சமும் ஆறுதலாக இல்லை. அவள் என்னை எப்படியும் கூப்பிடவில்லை என்பதுதான் விஷயம்.

நானும் ஒரு நாள் முயற்சி செய்தேன். "அதோ பார், செவ்வாய் கிரகம்" என்று கிழக்கே காட்டினேன்.

"அதை வயர்லெஸ் டவர் லைட்டுன்னு அண்ணாச்சி சொன்னாகளே" என்றாள்.

இப்படியிருக்கையில், செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் ரேடியோச் செய்தியில் சொன்னார்கள்: வடக்கு வானத்தில், அன்னப்பறவை போல இருக்கும் நட்சத்திரக் கூட்டத்தில், இதுவரை இல்லாத ஒரு நட்சத்திரம் திடீரென்று தோன்றியிருக்கிறது, வெறும் கண்ணுக்கே தெரிகிறது. செய்தி முடிவதற்குள் ரங்கநாதன் எங்கள் வீட்டு வாசலில் இருந்தான்.

"தங்கச்சி, அது புதுசு இல்ல. ஏற்கெனவே இருந்த மங்கலான நட்சத்திரம்தான். மேல் தோல் வெடிச்சுப் பிரகாசமாயிருக்கு. ஆனா நாலஞ்சு நாள்தான். நாளுக்கு நாள் மங்கிக்கிட்டே போயி மறைஞ்சிடும். அப்புறம் நம்ம ஆயுசுல பாக்க முடியாது."

"எப்படியாச்சும் பாத்துரணும் அண்ணாச்சி" என்றாள் கோமதி. பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

அன்று ராத்திரி பிடித்த மழை நான்கு நாள் விடவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் ரங்கநாதன் குடையோடு வந்து நிற்பான். இருவரும் மேகத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். "இன்னைக்கு இன்னும் கொஞ்சம் மங்கியிருக்கும்" என்பான் அவன். "அடப் பாவமே" என்பாள் இவள். ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரை விசாரிக்கிற மாதிரி இருக்கும். நான் உள்ளே உட்கார்ந்து முடிவு செய்தேன். அந்த நட்சத்திரத்தை நான்தான் கண்டுபிடிப்பேன். நான்தான் கோமதிக்குக் காட்டுவேன். அதுவும் டெலஸ்கோப்பில்.

அபர்தீன் பஜாரில் காயல்பட்டினத்துக்காரர் சுல்தான் பாய் கடை வைத்திருந்தார். லாந்தர்களுக்கும் எனாமல் தட்டுகளுக்கும் நடுவே, ஏதோ பழைய கப்பலிலிருந்து வந்த பித்தளை டெலஸ்கோப் ஒன்று அலமாரியில் கிடக்கும்.

"ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் தர்றீங்களா பாய்?"

"தர்றதுக்கென்ன தம்பி. ஆனா உள்ள இருந்த ஒரு கண்ணாடி விழுந்து போச்சு. எல்லாம் தலகீழாத்தான் தெரியும். போன மாசம் ஒரு கப்பலப் பாத்தேன். கடலு மேல இருக்கு, கப்பல் கீழ தொங்குது."

"நட்சத்திரம் பாக்கத்தான் பாய்."

"அப்பச் சரி. நட்சத்திரத்துக்கு ஏது தம்பி தலயும் காலும்? எட்டு மணிக்குக் கடை சாத்துறதுக்குள்ள கொண்டாந்துரணும்."

ஐந்தாம் நாள் மத்தியானம் வானம் வெளுத்தது. ஒரே ஒரு சிக்கல். அன்று சாயங்காலம் ஐந்தரை மணி பலூன் என் டூட்டி. அதுவே ரங்கநாதனின் டூட்டியாக இருந்தால், பலூனையும் கணக்கையும் முடித்துவிட்டு அவன் வெளியே வர ஏழு மணியாகிவிடும். அதற்குள் நட்சத்திரம் என்னுடையதாகிவிடும். எனவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனிடம் போனேன்.

"ரங்கா, காலைலேர்ந்து வயிறு சரியில்லடா."

அவன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். (வயிற்றுக்கு நெற்றி எதற்கு என்று கேட்க நினைத்தேன்.) "போய்ப் படுடா. தங்கச்சிகிட்ட மோர்ல பெருங்காயம் போட்டுத் தரச் சொல்லு. பலூனை நான் பாத்துக்கறேன்" என்றான். ஒரு கேள்வி கேட்கவில்லை. இத்தனை நல்லவனாக வேறு இருக்கிறானே என்று அதற்கும் சேர்த்து எரிந்தது எனக்கு.

ஐந்து மணிக்கு மறுபடி ஒரு மழை கொட்டியது. ஆறு மணிக்குத் துடைத்து விட்டதுபோல் வானம் தெளிந்தது. மழை பெய்தால் பலூன் தாமதமாகும், தாமதமானால் இருட்டிவிடும், இருட்டினால் மெழுகுவத்தி வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. ஆபீஸில் இல்லாதபோது ஆபீஸைப் பற்றி நினைக்காமல் இருக்கும் திறமை எனக்கு இயற்கையிலேயே உண்டு.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு மேடு. ஆபீஸும் அதே சரிவில்தான், மரங்களுக்கு அப்பால் இருந்தது. குடையும் டெலஸ்கோப்புமாகக் கோமதியை அழைத்துக்கொண்டு ஏறினேன்.

"அண்ணாச்சி வரலையா?"

"அவனுக்கு டூட்டி."

"இன்னைக்கு உங்களுக்குல்லா டூட்டின்னீக?"

"மாத்திக்கிட்டோம்" என்றேன். பொய் இல்லைதானே.

பித்தளை மின்னியதைப் பார்த்துக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பிள்ளைகளைத் தேடி அம்மாக்கள் வந்தார்கள். நான் இதை விரும்பவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். பிறகு, நான் நிஜமாகவே விரும்பாத ஒருவர் வந்தார். சாயங்கால நடைக்குப் புறப்பட்ட எங்கள் மேலதிகாரி முகர்ஜி சார், மனைவியோடு. மூன்று மாதம் முன்புதான் மெயின்லேண்டிலிருந்து வந்திருந்தார். அங்கே அவர் வானிலையைப் பெரும்பாலும் ஃபைலில்தான் பார்த்திருந்தார்.

"க்யா பரம்சிவம், ஆஜ் டூட்டி கிஸ்கா ஹை?" (இன்றைக்கு யார் டூட்டி?)

"ரங்கநாதன் கா, சார்."

"அச்சா. தாரா திகாவ்." (நல்லது, நட்சத்திரத்தைக் காட்டு.)

வடகிழக்கே அண்ணாந்தேன். மரங்களுக்கு மேலே, அன்னம் இருக்க வேண்டிய திசையில், இதுவரை நான் பார்த்தே இராத ஒரு நட்சத்திரம் நின்றது. மஞ்சளாக, மற்ற எல்லாவற்றையும் விடப் பிரகாசமாக.

"கிடைச்சிருச்சு!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று பயந்து அழுதது.

முகர்ஜி சார் சட்டைப்பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். நான் டெலஸ்கோப்பை அவரிடம் நீட்டிவிட்டுப் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். ரங்கநாதன் முற்றத்தில் சொன்னதையெல்லாம் என் சொந்தச் சரக்கு போல அவிழ்த்துவிட்டேன். நெருப்பு, வெடிப்பு, ஆயிரக்கணக்கான வருஷம் முன்னால் கிளம்பிய ஒளி. முகர்ஜி சார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு முனகினார்.

"இஸ்கே நீச்சே அண்டா ஜைசா குச் ஹை."

அண்டா என்றால் ஹிந்தியில் முட்டை. நட்சத்திரத்துக்குக் கீழே முட்டை மாதிரி ஏதோ இருக்கிறது என்கிறார். கோமதியின் ஹிந்திக்கு அப்போது வயது ஒரு மாதம்.

"அண்டா மாதிரியா? அவ்வளவு பெருசாவா தெரியுது?" என்றாள்.

நான் வாங்கிப் பார்த்தேன். சத்தியமாக இருந்தது. ஒரு மஞ்சள் புள்ளி. அதற்குக் கீழே மங்கலாக ஒரு வெள்ளை முட்டை. வெள்ளை முட்டை மேலேயும் மஞ்சள் புள்ளி கீழேயும் இருந்திருந்தால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அது என்னவென்று சொல்லியிருப்பேன். மூன்று வருடமாக என் கையால் கட்டி விட்டதல்லவா? தலைகீழாகப் பார்த்ததும் என் மூளையும் தலைகீழாகிவிட்டது.

"அது வெடிச்ச நட்சத்திரம் கக்கின வாயு, சார். பெரும்பாலும் ஹைட்ரஜன்" என்றேன்.

அன்று மாலை நான் சொன்னதில் முழு உண்மை அந்தக் கடைசி இரண்டு வார்த்தைதான்.

அப்போது நட்சத்திரம் மங்கத் தொடங்கியது. நாளுக்கு நாள் அல்ல, கண்ணெதிரே, நிமிஷத்துக்கு நிமிஷம். கூட்டம் "ஐயோ" என்றது. ரேடியோவில் நாட்கணக்கு சொன்னார்களே என்று முகர்ஜி சார் கேட்டார்.

"கடைசிக் கட்டம் சார். சாகுற நேரத்துல வேகமாத்தான் மங்கும்" என்றேன். இந்த விஞ்ஞானத்தை எங்கே கற்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கோமதி டெலஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தாள். "ஏங்க, இது ஆடுதே. விளக்குச் சுடர் மாதிரி."

"தூரத்துல இருக்குல்லா, நடுங்கத்தான் செய்யும்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். முற்றத்தில் ரங்கநாதனைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. ஜெட்டியில் இறங்கியதிலிருந்து நான் காத்திருந்தது அதற்குத்தான். மேட்டில் இருந்த முப்பது பேரும் என்னைச் சுற்றி நின்றார்கள். ஆனால் எனக்கு அந்த இரண்டு கண்தான் கணக்கு. என் வாழ்க்கையின் மிக நல்ல நேரம் எது என்று யாராவது கேட்டால், வெட்கத்தோடு அந்த நாலைந்து நிமிஷத்தைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

நட்சத்திரம் ஒரு ஊசி முனையாகி, அணைந்தது.

முகர்ஜி சார் கைக்கடிகாரத்தை டார்ச்சில் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். குரல் தழுதழுத்தது. "பரம்சிவம், யே தோ ஹிஸ்டரி ஹை." (இது சரித்திரமல்லவா!) ஒரு நட்சத்திரத்தின் சாவை நேரில் பார்த்திருக்கிறோம், மெயின்லேண்டுக்கு இப்போதே தந்தி அடிக்க வேண்டும் என்றார். வாசகத்தை எழுதி உரக்கப் படித்தார். என் முழுப் பெயர் எப்படி எழுதுவது, இனிஷியல் என்ன என்று கேட்டார். இனிஷியலைச் சொல்ல வாயெடுத்தேன்.

மேட்டின் கீழிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் ஓடி வந்தது. ரங்கநாதன். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பாட்டில்.

"பரமு! வீட்டுல காணோம்னதும் பயந்துட்டேன்டா. இந்த வயித்தை வெச்சுக்கிட்டு மேட்டுல என்னடா பண்றே? இந்தா, ஓமத்தண்ணி. ரெண்டு மடக்கு குடி."

அப்புறம்தான் முகர்ஜி சாரைப் பார்த்தான். நிமிர்ந்து நின்று, கேட்காமலே ரிப்போர்ட் கொடுத்தான். கடமையுணர்ச்சியில் அவனை யாரும் மிஞ்ச முடியாது. பரமசிவத்துக்கு வயிற்றுவலி என்பதால் டூட்டியை நான் பார்த்தேன் சார். மழையால் பலூன் தாமதம், ஆறு இருபத்திரண்டுக்குத்தான் விட முடிந்தது. இருட்டிவிட்டதால் மெழுகுவத்தி கட்டினேன். காற்று தென்மேற்கிலிருந்து மெதுவாக, ஒரே சீராக. அதனால் விளக்கு வடகிழக்கே ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நின்றது, மங்கிக்கொண்டே போனது. சரியாகப் பன்னிரண்டு நிமிடம் தெரிந்தது. ஆறு முப்பத்துநாலுக்கு அணைந்துவிட்டது சார்.

முகர்ஜி சார் தன் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். வடகிழக்கைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த ஓமத்தண்ணியைப் பார்த்தார்.

"பேட் மே தர்த் ஹை?" என்றார். வயிற்றில் வலியா?

அப்போது நிஜமாகவே இருந்தது. தலையாட்டினேன்.

அவர் தந்தி எழுதிய தாளைக் கிழித்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முதலில் சிரித்தது அவர் மனைவிதான். பிறகு மேடு முழுவதும் சிரித்தது. சற்று முன் பயந்து அழுத குழந்தைகூடச் சிரித்தது. கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். அவள் தோள் குலுங்கியது.

ரங்கநாதனுக்கு விஷயம் புரிய அரை நிமிடம் ஆயிற்று. புரிந்தபோது அவன் மட்டும் சிரிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கூட்டத்தை என்னிடமிருந்து திருப்புவதற்காகவே போல, சத்தமாகச் சொன்னான்: "நெஜ நட்சத்திரம் இன்னும் இருக்கு! அதோ பாருங்க, அன்னத்தோட வாலுக்குப் பக்கத்துல, சின்னதா, மங்கலா. தங்கச்சி, அங்க. பரமு, அந்த டெலஸ்கோப்பைக் கொஞ்சம் குடுடா. இன்னும் நல்லாத் தெரியும்."

மூன்றடி தூரத்தில் நின்று கை நீட்டினான். நான் தலையைத் தூக்கியிருந்தால் போதும், பார்த்திருப்பேன்.

"பாய் கடை சாத்திடுவாரு" என்றேன்.

மணி ஏழுகூட ஆகவில்லை. பஜார் பத்து நிமிட நடை. டெலஸ்கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினேன். முதுகுக்குப் பின்னால் கோமதியின் குரல் கேட்டது: "ஆங்! தெரியுது அண்ணாச்சி, தெரியுது!" அவன் காட்டிய எதையும் பார்ப்பதில்லை என்ற வைராக்கியத்தில் குடையை விரித்துக்கொண்டேன். ஒரு துளி மழை இல்லை. வானம் முழுவதும் நட்சத்திரம். அதற்கடியில் குடை பிடித்துக்கொண்டு பஜார் வரை நடந்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

"நட்சத்திரம் கெடச்சுதா தம்பி?" என்றார் சுல்தான் பாய்.

"கிடைச்சுது பாய்."

"தலகீழாவா?"

"எல்லாமே தலகீழாத்தான் பாய்."

மறுநாளிலிருந்து பத்து நாள் மழை. வானம் திறந்தபோது அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ரங்கநாதன் இல்லாத சமயம் பார்த்து நான் மட்டும் தனியாக மேட்டுக்குப் போய்த் தேடினேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

ஆபீஸில் என்னிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். வயிற்றுவலியோடு மேடு ஏறிய காரணத்தை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். படித்துவிட்டு முகர்ஜி சார் என்னைக் கேம்பல் பே என்ற இடத்துக்கு மாற்றினார், ஒரு வருடத்துக்கு. அது இருக்கும் கிரேட் நிக்கோபார் தீவில் அப்போதுதான் முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்களைக் குடியேற்றி, காட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கப்பல் எப்போது வரும் என்பது கப்பலுக்கே தெரியாது. அங்கே எங்களுக்குக் குடும்பத்தோடு தங்க வீடும் கிடையாது.

ரங்கநாதன் நேராக உள்ளே போனான். "புதுசாக் கல்யாணம் ஆனவன் சார். நான் போறேன்." முகர்ஜி சாரும் சரி என்றுவிட்டார்.

நான் தடுத்திருக்க வேண்டும். 'இது என் தப்பு, நான்தான் போகணும்' என்று சொல்லத் தெரியாதா எனக்கு? தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஜெட்டியில் அவனுடைய டிரங்குப் பெட்டியைக் கப்பல்வரை நான் தூக்கிப் போனேன். அதற்குள் புத்தகம்தான் அதிகம். அப்படிக் கனத்தது.

வீடு நான் கேட்டபடி அமைதியாகிவிட்டது. "அண்ணாச்சி சொல்லுதாக" இல்லை. வேறெந்தப் பேச்சும்கூட இல்லை. கோமதி ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அவுக உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சாக?"

பொய் சொல்லிப் பார்த்த அனுபவம் சமீபத்தியது என்பதால் உண்மையைச் சொன்னேன். "அவன் பேசினா நீ சிரிக்கே. நான் பேசினா சிரிக்க மாட்டேங்கே."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்க சிரிக்கிற மாதிரி ஒண்ணும் சொன்னதில்லையே." பிறகு உதடு கோணியது. "அன்னைக்கு மேட்டுல சொன்னதைத் தவிர... பெரும்பாலும் ஹைட்ரஜன்!" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், ரசம் ஊற்ற வந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். எனக்கே எனக்கு என்று அவள் சிரித்த முதல் சிரிப்பு. நான் சோற்றைப் பிசைந்துகொண்டு அசடு வழிய உட்கார்ந்திருந்தேன்.

கேம்பல் பேயில் ரங்கநாதன் கஷ்டப்படுவான் என்று நினைத்து ராத்திரியெல்லாம் வருந்தினேன். ஏழாம் மாதம் கடிதம் வந்தது. அங்கே குடியேறிய ஒரு பஞ்சாபி சுபேதாரின் மகளைக் காதலித்து, அவளைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறானாம். "எல்லாம் உன் மெழுகுவத்தியால்தான்" என்று அச்சடித்த கையெழுத்தில் எழுதியிருந்தான். படித்ததும் எனக்கு மறுபடி எரிந்தது. காதல் கல்யாணம்! அந்த டிரான்ஸ்பர் முறைப்படி என்னுடையது!

இப்போது அவன் திருச்சியில், நாங்கள் சென்னையில். அவன் வீட்டில் யாராவது லீவு போடுவதற்காகப் பொய் சொன்னால் அதற்குப் பெயர் 'பரமு வயித்துவலி'. அவனுடைய பஞ்சாபி மருமகன்கூட அதைத் தமிழிலேயே சொல்கிறாராம். எங்கள் வீட்டில் கரண்ட் போய் மெழுகுவத்தி ஏற்றினால், என் மகள் எந்த அறையில் இருந்தாலும் குரல் கொடுத்துவிடுவாள்: "அப்பா, புது நட்சத்திரம்! தந்தி அடிங்க!" சம்பந்தி வீட்டார் முதல்முறை வந்த அன்று கரண்ட் போனது. அவர்களுக்கும் முழுக்கதை சொல்லப்பட்டது. இன்வெர்ட்டர் வாங்கியதற்கு வெயில் காரணமில்லை.

போன வாரம் கோமதியிடம் முதன்முறையாகக் கேட்டேன். இத்தனை வருடம் கேட்காமல் இருந்ததே ஒரு வீம்புதான்.

"அந்த நட்சத்திரம் நெசமாவே எப்படி இருந்துச்சு?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள். "என்ன, சின்னதா, மத்த நட்சத்திரம் மாதிரிதான் இருந்துச்சு. அண்ணாச்சி சொல்லலைன்னா அது புதுசுன்னே தெரிஞ்சிருக்காது. உங்க மெழுகுவத்திதான் அழகா இருந்துச்சு."

பால்கனிக்குப் போய் நின்றேன். ஒரு நிமிடம் மனசு நிறைந்து நின்றபிறகுதான் ஞாபகம் வந்தது. அன்று காலை அவள் திருச்சிக்குப் போன் போட்டு முக்கால் மணி நேரம் பேசியிருந்தாள். இப்படி ஒரு பதிலை அவனைத் தவிர வேறு யார் சொல்லிக் கொடுத்திருக்க முடியும்?